வாள் நெருப்பா, காற்றா?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். கனடாவிலிருந்து வந்த மச்சாள் தந்த, குறி பார்க்கும் டாரோ சீட்டுக் கட்டோடு இருந்த கைநூல், தடி நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம் என்கிறது. யூடியூப்பில் ஒருவர், வாள்தான் நெருப்பு, தடி காற்று என்று அடித்துச் சொல்கிறார். கொல்லன் உலையில் காய்ச்சி அடித்த வாள் எப்படிக் காற்றாகும் என்பது முதற்கேள்வி. நமக்குப் பூதம் ஐந்தாயிற்றே, ஆகாயத்தை எங்கே விட்டார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கணவரிடம் போவதற்கான விசா எப்போது வரும் என்று நினைத்து மூன்று அட்டைகளை எடுத்திருக்கிறீர்கள். கோப்பை இரண்டு, தடி எட்டு, கோப்பை ஆறு. நடுவில் இருக்கும் நெருப்பை இரண்டு பக்கமும் தண்ணீர் அணைத்துவிட்டது, காரியம் நடக்காது என்று ஒரு தோழி சொல்லிவிட்டார்.

முதற்கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், உங்கள் கையில் இருக்கும் கட்டில் வாள் காற்றுதான். ஆனால் அது இயற்கையின் விதி அல்ல. அந்தக் கட்டை வரைந்தவர்கள் அப்படி நினைத்து வரைந்தார்கள், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்ற இரண்டு கேள்விகளும் பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ஒரு டாரோக் கட்டு வந்தபோது, மின்சாரம் இல்லாத இரவொன்றில் விளக்கை வைத்துக்கொண்டு அட்டைகளைப் பாயில் பரப்பினேன். எட்டிப் பார்த்த அம்மம்மா, சீட்டில் 304 விளையாட ஆள் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். அப்போது சிரித்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான், அம்மம்மா கேட்டதில் வரலாறு இருந்தது என்று விளங்கியது. டாரோ பிறந்தது குறி பார்ப்பதற்காக அல்ல, விளையாடுவதற்காக. 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் அதற்குத் 'திரியோன்ஃபி' என்று பெயர். 1440இல் புளோரன்ஸில் அந்தப் பெயர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. தடி, கோப்பை, வாள், நாணயம் என்ற வழக்கமான நான்கு இனங்களோடு, எதையும் வெட்டக்கூடிய 21 படச் சீட்டுகளையும் 'முட்டாள்' என்ற ஒன்றையுமாக 22 சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 'திரியோன்ஃபி'தான் ஆங்கிலத்தில் 'ட்ரம்ப்' ஆயிற்று. நாம் 304 ஆடும்போது 'துரும்பு' என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தச் சொல்லும் அதே ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்கோப்பன், களாவரை என்று இன்றும் நம்மூரில் சொல்லுவதோ 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள்.

நான்கு இனங்களின் கதை டாரோவை விடவும் பழையது. விளையாட்டுச் சீட்டு ஐரோப்பாவுக்குப் போனது 1370களில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் உலகத்திலிருந்து. அவர்களுடைய சீட்டுகளில் கோப்பை, நாணயம், வாள் மூன்றும் இருந்தன. நான்காவது இனம் போலோ மட்டை. குதிரையேறிப் பந்தடிக்கும் ஆட்டத்தை இத்தாலியர் அறியாததால் மட்டை வெறும் தடியாகிப் போனது. உங்கள் கைநூல் 'படைப்பின் தீப்பொறி' என்று வருணிக்கும் தடி, ஒரு காலத்தில் பந்தடிக்கும் மட்டை! அதில் நெருப்பும் இல்லை, காற்றும் இல்லை.

அப்படியானால் பூதங்கள் எப்போது ஏறின? மூன்று நூற்றாண்டுக்கு மேல் சும்மா ஆடிக்கொண்டிருந்த சீட்டுகளுக்கு 1781இல் பிரெஞ்சுக்காரரான கூர் டி ஜெபலின் எகிப்திய ஞானம் என்று முத்திரை குத்தினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியன் வாசித்துக் காட்டியது 1822இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த முத்திரையின் பெறுமதி தெரியும். அவரும்கூட இனங்களைச் சமூக வகுப்புகளோடுதான் பொருத்தினார்: வாள் படையினருக்கு, கோப்பை குருமாருக்கு, நாணயம் வணிகருக்கு, தடி உழவருக்கு. 1850களில் எலிபாஸ் லெவி என்பவர் நான்கு இனங்களையும் எபிரேய இறைநாமத்தின் நான்கு எழுத்துகளோடு இணைத்தார். பிறகு 1888இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற இரகசியச் சங்கம், தடி நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம் என்ற பட்டியலை ஒரு முழு முறையாகக் கட்டி எழுப்பியது. அந்தச் சங்கத்தில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் சொல்ல, அதே சங்கத்தைச் சேர்ந்த பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் வெளிவந்ததுதான் நீங்கள் வைத்திருக்கும் கட்டு.

ஆகவே சொல்லைவிடப் படத்தை நம்புங்கள். வாள் இனத்து அரச அட்டைகள் நான்கையும் வரிசையாக வையுங்கள். அரசனின் சிம்மாசன முதுகில் பட்டாம்பூச்சிகள். அரசியின் சிம்மாசனத்திலும் பட்டாம்பூச்சி, அவர் முடியிலும் பட்டாம்பூச்சி. குதிரை வீரனின் பின்னால் மரங்கள் காற்றில் வளைந்து நிற்கின்றன, மேகம் கிழிந்து பறக்கிறது. ஏவலாளனின் தலைமயிர் காற்றில் அலைகிறது, தலைக்கு மேல் பறவைக் கூட்டம். இப்போது தடி இனத்தை எடுங்கள். அரசனின் காலடியில் ஒரு பல்லி போன்ற பிராணி இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி என்று நினைத்துவிடாதீர்கள், அது சலமந்தர். நெருப்பில் வாழ்வது என்று ஐரோப்பியர் நம்பிய பிராணி. அவன் அங்கியிலும், குதிரை வீரனின் மேலாடையிலும் அதுவே. இந்த அரச அட்டைகளின் பின்னணி முழுக்கப் பாலைவனம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கோப்பை இனத்தில் எங்கு பார்த்தாலும் கடலும் மீனும். நாணயத்து அரசனின் சிம்மாசனத்தில் எருதுத் தலைகள். (நம் ஆரியச் சக்கரவர்த்திகளின் 'சேது' நாணயங்களிலும் எருதுதான் படுத்திருக்கிறது. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) இந்தக் கட்டை வைத்துக்கொண்டு வாளை நெருப்பு என்று வாசித்தால் ஒவ்வொரு படத்தோடும் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு வாள் நெருப்பாகத் தோன்றுவதற்கு உலை மட்டும் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். நல்லூரில் மூலத்தானத்தில் இருப்பது வேல். அந்த வேலைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். நெற்றிக் கண்ணின் பொறியிலிருந்து பிறந்தவன் கையில் இருக்கும் ஆயுதம் அது. நமக்கு ஆயுதம் என்றாலே சுடர். லண்டன்காரருக்கு வாள் என்றால் வெட்டிப் பிரிக்கும் அறிவு, தர்க்கம், நாக்கு. நாமும் 'வாய்வீச்சு' என்கிறோம், 'நாக்குக் கத்தி மாதிரி' என்கிறோம். அந்த வழியில் போனால் வாள் காற்றாவது விளங்கும். வீசும்போது ஒலி எழுப்புவதும் காற்றில்தான்.

தடிக்கும் அப்படியே. உங்கள் கட்டில் தடி இனத்தின் முதல் அட்டையை உற்றுப் பாருங்கள். மேகத்திலிருந்து வரும் கை பிடித்திருக்கும் தடியில் இலைகள் துளிர்த்திருக்கும், சில உதிர்ந்துகொண்டும் இருக்கும். அது வெட்டிக் காயவைத்த பொல்லு அல்ல. நம் வேலிக்கு நடும் கிளுவங் கதியால்தான். மாரி மழை விழ, வெட்டுண்ட தடியே தளிர் விடுகிறதே, அந்த உயிர்வேகத்தைத்தான் அவர்கள் நெருப்பு என்றார்கள். எரிக்கும் நெருப்பைவிட, உள்ளே இருந்து முளைத்துத் தள்ளும் சூடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஒத்துக்கொள்ள எனக்கே இரண்டு மழைக்காலம் பிடித்தது.

பொருளின் தோற்றத்தை மட்டும் வைத்துப் பூதத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு நம் சோதிடத்திலேயே சாட்சி உண்டு. கும்ப ராசியின் சின்னம் தண்ணீர்க் குடம், அது நீர் ராசியா? இல்லை, காற்று ராசி. மகரம் நீரில் வாழும் பிராணி, ஆனால் நில ராசி. தேள் வரண்ட கல்லுக்கடியில் கிடக்கிறது, விருச்சிகமோ நீர் ராசி. இதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நாம், வாள் விடயத்தில் மட்டும் கொல்லன் உலைக்கு ஏன் ஓட வேண்டும்?

யூடியூப்காரர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. வாள் நெருப்பில் பிறக்கிறது, தடி காற்றில் அசையும் மரத்தின் கிளை என்று கொள்ளும் கூட்டம் மேற்கிலும் உண்டு. அந்தக் கொள்கைப்படியே வரையப்பட்ட கட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அவர்கள் கட்டில் அது சரி. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பஞ்சாங்கம் போதும். கலியாணத்துக்கு ஒன்றிலும் குடிபூரலுக்கு மற்றதிலும் நாள் பார்ப்பவரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. மூன்றாவது கேள்விக்கு வரும்போது இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று காட்டுகிறேன்.

அரச அட்டைகளுக்குள் இன்னொரு பூதத்தை ஏற்றுவதும் உண்டு: அரசி எந்த இனத்தில் இருந்தாலும் நீர், ஏவலாளன் எதில் இருந்தாலும் நிலம். அரசனும் குதிரை வீரனும் நெருப்பா காற்றா என்பதில் வாசிப்பவர்களுக்குள்ளேயே இழுபறி. தொடக்கத்தில் இதற்குள் இறங்காதீர்கள்.

இனி ஆகாயம். 'நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும்' கலந்த மயக்கம்தான் உலகம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நமக்கு ஐந்து என்பது அவ்வளவு பழையது. கிரேக்கத்தில் எம்பிடோக்ளிஸ் நான்கு மூலங்களைச் சொன்னார். அரிஸ்டாட்டில் அவற்றைச் சூடு, குளிர், ஈரம், உலர்வு என்ற நான்கு குணங்களால் விளக்கி, வானுலகத்துக்கு ஈதர் என்ற ஐந்தாவதையும் வைத்தார். ஆக, மேற்கிலும் ஐந்தாவது உண்டு. அது மண்ணுலகக் கணக்கில் வராது, அவ்வளவுதான். டாரோவிலும் அந்த வழக்கமே. நான்கு இனத்துக்கு நான்கு பூதம். ஐந்தாவதை 'ஆவி' என்று சொல்லி, 22 படச் சீட்டுகளின் பக்கம் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் கட்டின் நாணயங்களில் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்திருப்பதைக் கவனித்தீர்களா? அவர்கள் கணக்கில் கீழ் நான்கு முனையும் நான்கு பூதம், மேல் முனை அந்த ஐந்தாவது. நீங்கள் தேடும் ஆகாயம், நிலத்துக்கென்று ஒதுக்கிய நாணயத்தின் உச்சியிலேயே இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதே கோல்டன் டான் சங்கத்தார், தியானத்துக்கென்று நம் ஐந்து பூதங்களையும் தனி அட்டைகளாகச் செய்து வைத்திருந்தார்கள். நிலத்துக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, தீக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருமையான முட்டை வடிவம். இராம பிரசாத் என்ற இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து எடுத்துக்கொண்டவை. சைவசித்தாந்த வகுப்பில் 'உண்மை விளக்கம்' படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே பூமி நாற்கோணம், புனல் பாதி மதி, அனல் முக்கோணம், காற்று அறுகோணம், ஆகாயம் வட்டம். முதல் மூன்றும் அச்சொட்டு ஒன்று, கடைசி இரண்டில்தான் பாடபேதம். கொக்குவிலில் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை, விக்டோரியா காலத்து லண்டனில் கோட்டுப் போட்ட துரைமார் சிவப்புக் கடதாசியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

ராசிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தடிக்கு மேஷம், சிம்மம், தனுசு. கோப்பைக்குக் கடகம், விருச்சிகம், மீனம். வாளுக்கு மிதுனம், துலாம், கும்பம். நாணயத்துக்கு ரிஷபம், கன்னி, மகரம். நம் கணக்கிலும் அதே நெருப்பு, நீர், காற்று, நில ராசிகள் என்பதால் பிடிப்பது சுலபம். ஒவ்வொரு இனத்திலும் 2 முதல் 10 வரையுள்ள ஒன்பது அட்டைகள், நான்கு இனத்துக்கும் சேர்த்து 36. ஒரு ராசியை மூன்றாகப் பிரிக்கும் திரேக்காணமும் மொத்தம் 36. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டார்கள். ஆனால் அவர்கள் திரேக்காண அதிபதிகளை எடுக்கும் முறை வேறு. பருவத்தை வைத்துக் கணிக்கும் மேற்கத்தியச் சாயன ராசிக்கும், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நம் நிராயன ராசிக்கும் இடையில் ஏறத்தாழ 24 பாகை இடைவெளியும் இருக்கிறது. உங்கள் சாதகத்தைக் கொண்டுவந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் குழம்பும்.

இப்போது உங்கள் மூன்று அட்டைகள். பக்கத்து அட்டைகளின் பூதத்தைப் பார்த்து நடு அட்டையின் பலத்தை நிறுக்கும் முறை கோல்டன் டானுடையது. நம் சோதிடத்தின் நட்பு, பகை போலத்தான். நெருப்பு சூடும் உலர்வும், நீர் குளிரும் ஈரமும். இரண்டு குணத்திலும் மோதுவதால் பகை. காற்று சூடும் ஈரமும், நிலம் குளிரும் உலர்வும், இவையும் பகை. மற்றச் சோடிகள் ஒரு குணத்திலாவது ஒத்துப்போவதால் ஒன்றையொன்று தாங்கும். நெருப்பு இரண்டு நீருக்கு நடுவில் வந்தால் பலம் குறையும் என்று உங்கள் தோழி சொன்னது, அந்த முறைப்படி சரி. குறையும் என்பதற்கும் அணையும் என்பதற்கும் தூரம் இருக்கிறது என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

யூடியூப்காரரின் முறையை எடுத்தால் என்ன நடக்கும்? தடி காற்றாகிவிடும். காற்றும் நீரும் ஈரத்தில் சேர்பவை, ஆகவே உங்கள் நடு அட்டைக்கு இரண்டு பக்கமும் நட்பு. அட்டை அதேதான், பலன் தலைகீழ். விசா அலுவலகத்து மேசையில் உங்கள் கோப்பு இவர்களில் யார் முறையைப் பார்த்து நகரப் போகிறது? அட்டை திகதி சொல்லும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். அட்டை எடுத்தவரின் மனநிலையைத் தொட்டுக் காட்டும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

அப்படிப் பார்த்தால் உங்கள் வரிசை அழகானது. தடி எட்டு, கோல்டன் டான் பட்டியலில் தனுசு ராசியில் புதன், 'வேகம்' என்று பெயர். படத்தில் நெருப்பே கிடையாது. எட்டுத் தளிர்த் தடிகள் திறந்த வானத்தில் பறக்கின்றன, கீழே ஆறு ஓடுகிறது. இந்த ஒரு அட்டையைப் பார்த்தால் தடி காற்று என்று சொல்பவர் பக்கம் எனக்கும் மனம் சாயும். பறக்கும் தடிகளின் நுனி கீழ்நோக்கி இருப்பதைக் கவனியுங்கள், இறங்கப்போகிற வேகம். அதன் ஒரு பக்கத்தில் கோப்பை இரண்டு. ஆணும் பெண்ணும் கோப்பையைக் கையில் ஏந்தி எதிரெதிரே நிற்கிறார்கள். மறுபக்கத்தில் கோப்பை ஆறு. பழைய வீட்டு முற்றம், ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையைச் சிறுமியிடம் நீட்டுகிறான். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் பிறந்த வீடு. இரண்டும் தண்ணீர், இரண்டும் பாசம். நடுவில் புறப்படும் அவசரம். அதன் வேகத்தைக் குறைப்பது விசா அதிகாரி என்று எனக்குத் தோன்றவில்லை. போக வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் முற்றத்தையும் கிணற்றடியையும் அம்மாவையும் திரும்பிப் பார்க்கிறீர்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தோழியிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கோப்பை ஆறை இன்னொரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் இருவரும் முன்னால் பெரிதாக நிற்பதால் முதற்பார்வையில் தவறிவிடும். இடப்பக்கம், பின்னால், தோளில் கோலைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் முற்றத்தை விட்டு நடந்து போய்க்கொண்டிருப்பார்.